மூன்றாம் மேசை

மொராவா ஆறு உறைந்த மாதத்தில்
வண்டி வண்டியாய் வந்து இறங்கின பயனெட்டுகள்,
விறகுக் கட்டுபோல் கம்பியால் இறுக்கி.
மண்ணெண்ணெயில் ஊறவிட்டுத் துரு கழற்றுவது ஆண்கள்.
மூன்றாம் மேசை என்னுடையது.
என் பெயர் ராதோய்கா.
இதை எங்கும் பொறிக்கவில்லை.

இரும்பைப் படிக்க இங்கேதான் கற்றேன்.
இரட்டைவால் சிங்கம் என்றால் செக்.
பக்கத்தில் முப்பத்தெட்டு, அது பிறந்த வருடம்.
கூர் வானத்தைப் பார்க்கும், அது அவர்கள் பழக்கம்.
குழல் நுழைய ஒரு வளையம் இருந்திருக்க வேண்டும்.
இல்லை.
ஜெர்மன்காரன் வந்து அறுத்திருக்கிறான்,
தன் துப்பாக்கிக்குப் பொருந்த.
அறுத்த இடத்தில் அரத்தின் பல்தடம்
இன்னும் விரலில் உரசுகிறது.

குமிழில் அவன் கழுகு, மிளகளவு.
அதன் காலடியில் ஓர் எண்.
எவனோ கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்து
'சரி' என்று தலையாட்டியிருக்கிறான்.
அந்தத் தலையாட்டலைத் தேய்ப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

'ஆழமாய்ப் போகாதே' என்பார்
மேற்பார்வையாளர் ஸ்வெதோமிர்.
'கழுகு போனால் போதும், இரும்பு வேண்டும்.'
எவ்வளவு பார்த்துத் தேய்த்தாலும்
சாய்வெளிச்சத்தில் ஒரு சிறகு
மிச்சமிருக்கும்.

பழைய எண்ணை அழிப்பதில்லை.
குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான்.
பக்கத்தில் புது எண். உறைக்கும் அதே.
எங்கிருந்தோ வந்த அலகும்
வேறெங்கோ கிடந்த உறையும்
ஒரே எண்ணை வாங்கிக்கொண்டு
எண்ணெய்க் காகிதத்துக்குள் சேர்ந்து படுக்கும்.
பிறகு நட்சத்திரம் அடிப்பார்கள்.
பிறகு பட்டறையின் முத்திரை, சரிபார்ப்பவரின் முத்திரை.

கைப்பிடி மரத்தைக் கழற்றினால்
உள்ளே சில சமயம் மணல்,
சில சமயம் பழுப்பாய் ஒரு பொருக்கு.
கேட்கமாட்டேன்.
சோடாத் தண்ணீரில் இரண்டும் கரையும்.

பிப்ரவரியில் ஒன்று வந்தது.
ஜெர்மனியிலேயே பிறந்தது, வேறு கை மாறாதது.
அலகின் தோளில் நாற்பத்தொன்று.

அந்த வருடம்தான் என் அண்ணன் மிலுட்டினை,
பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்தவனை,
மெழுகுநூல் பல்லிடுக்கில் இருக்கும்போதே
எழுப்பிக் கூட்டிப்போனார்கள்.

இந்தக் கத்திதான் என்று சொல்லவரவில்லை.
அப்படியெல்லாம் நடக்காது.
வருடம் மட்டும்தான் அதே.

கல் சுழன்றது. கழுகு போயிற்று.
கழுகின் எண் போயிற்று. தோளைத் திருப்பினேன்,
நான்கு போயிற்று, ஒன்று போயிற்று.
மறுபடி குமிழுக்கு வந்தேன்,
போவதற்கு அங்கே எதுவும் இல்லாதபோதும்.
பொறிகள் மணிக்கட்டில் விழுந்து அணைந்தன.
இரும்பு நீலமாகி, வைக்கோல் நாற்றம் அடித்தது,
எதற்கு வைக்கோல் என்று இன்றுவரை தெரியாது.

ஸ்வெதோமிர் அளவுகோலை வைத்தார்.
'தாழ் பிடிக்காது. கழிவு.'
ஒரு பெருக்கல் குறி அடித்தார்.
என் கணக்கில் பதினெட்டு தினார் குறைத்தார்.
போகிற போக்கில்,
யாருக்கோ சொல்வதுபோல:
'அழிக்கத்தான் சொன்னேன்,
கொல்லச் சொல்லவில்லை.'

என்றோ ஒருநாள், எந்த ஊரிலோ,
பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒருவன்
மற்றவற்றை வரிசையாய்ப் படிப்பான்:
சிங்கம், அறுத்த வளையம், கோடிட்ட எண், நட்சத்திரம்.
அடித்தவர்கள் எல்லாரும் அகப்படுவார்கள்.
தேய்ப்பவளுக்கு முத்திரை கிடையாது.
குமிழின் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவி
'இங்கே ஏதோ இருந்திருக்கிறது' என்பான்.
கழுகைச் சொல்வான்.

கழிவானது உணவுக்கூடத்துக்குப் போனது.
சமையல்காரி போசில்கா அதன் கைப்பிடியில்
பழைய காலுறை ஒன்றைச் சுற்றிக்கொண்டு
முட்டைக்கோஸ் அரிகிறாள்.
'எடை கொஞ்சம் கம்மி, அதனால் கை வலிக்கவில்லை' என்கிறாள்.

மதிய மணி. தட்டை நீட்டுகிறேன்.
இன்று மெல்லிசாக அரிந்திருக்கிறாள்.
உப்புதான் போதவில்லை.